ஐஸ் கட்டிக்குக் காய்ச்சலா? – அகச்சிவப்பு வெப்பமானி தப்பாகக் காட்டினால் என்ன செய்வது?



ஆண்டு மலரில் கட்டுரை என்றால் பெரிய விஞ்ஞானிகளைப் பற்றியோ, எதிர்காலத் தொழில்நுட்பத்தைப் பற்றியோ எழுதுவதுதான் வழக்கம். நான் எழுதப் போவது ஒரு மீன் பெட்டியைப் பற்றி. அதில் என்ன பாடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தும் புரியாத ஒன்று, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த நாலு நாளில் புரிந்தது.

எங்கள் ஊர் காரங்காடு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில், கடற்கரையை ஒட்டிய ஊர். அலையாத்திக் காட்டைப் பார்க்க வனத்துறைப் படகில் வந்து போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் சித்தப்பா சிறிய படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒருநாள் காலை பத்து மணிவாக்கில் கரையில் மீன் எடுக்க வந்த ஆள், கையில் துப்பாக்கி மாதிரி இருந்த வெப்பமானியை நின்றவாக்கிலேயே பெட்டியை நோக்கி நீட்டி அமுக்கினார்.

"அண்ணே, பன்னெண்டு டிகிரி காட்டுது. இத முழு விலைக்கு எடுக்க முடியாது."

"மேல ஐஸு கெடக்குறது கண்ணுக்குத் தெரியலயா தம்பி?"

"தெரியுது. ஆனா மிஷின் இப்படிக் காட்டுதே, நான் என்ன செய்ய?"

விலை குறைந்துதான் போனது. வீட்டுக்கு வந்த சித்தப்பா என்னைப் பார்த்து, "நீ படிக்கிற படிப்புல இதுக்குப் பதில் இருக்காடா?" என்று கேட்டார். இறுதியாண்டு புராஜெக்டுக்காக நான் செய்துகொண்டிருந்ததே தொடாமல் வெப்பம் அளக்கும் கருவிதான். பெருமையாக எடுத்து வந்து, மறுநாள் ஐஸ் போட்ட அதே மாதிரிப் பெட்டியின் மேல் ஒரு அடி உயரத்தில் பிடித்தேன். 19 டிகிரி காட்டியது! "என்னடா, ஒம் மிஷினு ஐஸ் கட்டிக்கே காய்ச்சல்ங்குது" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சென்சார் கெட்டுப்போச்சு, வேறு வாங்கிவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. நம்மில் பலர் செய்வதும் அதுதான். ஆனால் அந்த சென்சார் கெடவில்லை. அது பார்த்ததைச் சரியாகத்தான் சொன்னது. நான் பார்க்கச் சொன்னதை அது பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு தீர்ந்தது.

இது எப்படி அளக்கிறது?

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். சூரியன் மட்டுமல்ல, எல்லாப் பொருளும் இந்தக் கதிரை வீசிக்கொண்டே இருக்கிறது. நாம், சுவர், மீன், ஏன் ஐஸ் கட்டியும்கூட! கெல்வின் கணக்கில் எடுத்த வெப்பநிலையின் நாலாம் மடிக்கு ஏற்ப அந்தக் கதிர்வீச்சு கூடும் என்பது ஸ்டெஃபான் – போல்ட்ஸ்மான் விதி. முதலாமாண்டு இயற்பியலில் எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனது.

நான் பயன்படுத்தியது எம்.எல்.எக்ஸ் 90614 என்னும் சிப் பொருத்திய ஜி.ஒய் 906 பலகை. புராஜெக்ட் செய்கிற பலருக்கும் பழக்கமானதுதான். இதனுள் தெர்மோபைல் இருக்கிறது. அதாவது, பல தெர்மோகப்பிள்கள் தொடராக இணைந்த சிறு அமைப்பு. எதிரே உள்ள பொருளிலிருந்து வரும் கதிருக்கும் தன் சொந்த வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தருகிறது. சிப் தன் வெப்பநிலையையும் தனியாக அளந்து, இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பொருளின் வெப்பநிலை இது என்று சொல்கிறது.

ஆக, இது வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. தன் பார்வைக்குள் விழும் கதிர் முழுவதையும் வாங்கி, அதிலிருந்து ஊகித்துச் சொல்கிறது. அந்தக் கதிர் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

முதல் சோதனை: தெரிந்த ஒன்றைக் காட்டுங்கள்

எந்தக் கருவியைச் சந்தேகப்பட்டாலும், விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கை அதனிடம் கொடுக்க வேண்டும். வெப்பத்துக்கு அந்தக் கணக்கு உருகும் ஐஸ். வாயகன்ற பாத்திரத்தில் பொடித்த ஐஸை நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் விட்டு, நன்றாகக் கலக்குங்கள். அது 0 டிகிரி. கலக்குவது முக்கியம். அகச்சிவப்புக் கருவி தண்ணீரின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு ஆழத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கலக்காமல் விட்டால் மேலே தேங்கிய வெதுவெதுப்பைத்தான் அது படிக்கும்.

சென்சாரைத் தண்ணீருக்கு நேர் மேலே 3 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தேன். 0.8 காட்டியது. அப்பாடா! சென்சார் நல்லாத்தான் இருக்கு. அப்படியானால் தவறு வேறெங்கோ இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நம்பவே முடியாத எண் வந்தால், வயரைப் பாருங்கள்

திரையில் 1037.55 டிகிரி என்று வந்தால் பயப்படாதீர்கள், எங்கும் தீப்பிடிக்கவில்லை. இந்த சிப் தரும் எண்ணை 0.02-ஆல் பெருக்கி 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ் கிடைக்கும். டேட்டா வயர் கழன்றுபோனால் எல்லா பிட்டும் 1 ஆகி 65535 என்று படிக்கும். அதைப் பெருக்கிக் கழித்தால் சரியாக 1037.55! அதேபோல் −273.15 வந்தால் படித்த எண் பூஜ்யம் என்று அர்த்தம். இரண்டுமே வெப்பநிலை அல்ல, இணைப்புக் கோளாறு. வயரைச் சுருக்குங்கள், சால்டரிங்கைப் பாருங்கள், புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாக் வேகம் 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது.

2. எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது?

என் 19 டிகிரிக்குக் காரணம் இதுதான். சாதாரணமாகக் கிடைக்கும் ஜி.ஒய் 906-ன் பார்வைக் கோணம் 90 டிகிரி. அப்படியென்றால், எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோமோ அதைப்போல் இரண்டு மடங்கு விட்டமுள்ள வட்டத்தை அது பார்க்கும். 30 சென்டிமீட்டரில் பிடித்தால் 60 சென்டிமீட்டர் வட்டம். எங்கள் பெட்டியின் வாயோ 40-க்கு 30. ஆக, வட்டத்தில் பாதிக்கு மேல் பெட்டிக்கு வெளியே, வெயிலில் கிடந்த மணலும் என் காலும்தான்! பரப்பளவை வைத்து நாலாம் மடிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 20 டிகிரி வந்தது. கருவி காட்டியது 19. கருவி பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

90 டிகிரி என்பதுகூட உணர்திறன் பாதியாகக் குறையும் எல்லைதான். அதற்கு வெளியேயும் கொஞ்சம் பார்க்கும். எனவே கிட்டே கொண்டு போங்கள். 3 சென்டிமீட்டரில் வட்டம் 6 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கிட்டே போக முடியாத இடமானால் இதே சிப்பில் 35, 10, 5 டிகிரிப் பார்வையுள்ள வகைகள் இருக்கின்றன. சிலர் முன்னால் ஒரு குழாயை மாட்டிப் பார்வையைக் குறுக்கப் பார்ப்பார்கள். அந்தக் குழாயின் சுவரும் கதிர் வீசும், அதையும் சேர்த்துத்தான் சென்சார் படிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

துப்பாக்கி வகையில் 8:1, 12:1 என்று போட்டிருக்கும். 12:1 என்றால் 60 சென்டிமீட்டர் தூரத்தில் 5 சென்டிமீட்டர் வட்டம். அளக்கும் பொருள் அந்த வட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. சிவப்பு லேசர் புள்ளி வெறும் குறி காட்டத்தான். அந்தப் புள்ளிதான் அளக்கிறது என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

3. பளபளப்பு

இதில்தான் நான் அதிகம் திண்டாடினேன். அலுமினியக் குண்டானில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தைச் சென்சாரால் பார்த்தேன். 28 டிகிரி! கொஞ்ச நேரத்தில் 20, அப்புறம் 11, அப்புறம் 5 என்று தானாக இறங்கியது. சரி, சென்சார் செட்டில் ஆகிறது என்று நினைத்துக் குறித்துக்கொண்டேன். தரையெல்லாம் தண்ணீர் சொட்டுகிறதே என்று அம்மா வந்து குண்டானைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார்கள். திடீரென்று மறுபடி 27! லூஸ் கான்டாக்ட் என்று முடிவுகட்டி வயரையெல்லாம் பிரித்துத் திரும்ப சால்டர் வைத்தேன். மறுபடி இறங்கியது. அம்மா மறுபடி துடைத்தார்கள், மறுபடி ஏறியது. மூன்றாவது தடவைதான் மண்டையில் உறைத்தது.

பளபளப்பான அலுமினியத்தின் உமிழ்திறன் சுமார் 0.05 முதல் 0.1 வரைதான். அதாவது, தன் வெப்பத்துக்கு உரிய கதிரில் பத்தில் ஒரு பங்குகூட அது வீசுவதில்லை. சென்சாருக்குப் போனதில் மீதியெல்லாம் அறையின் பிரதிபலிப்பு. முகம் பார்க்கும் கண்ணாடியில் நம் முகம் தெரிவது போல, குண்டானில் சென்சார் பார்த்தது 32 டிகிரி அறையை! எங்கள் ஊர்க் காற்றிலோ ஈரம் அதிகம். குளிர்ந்த குண்டானின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும். தண்ணீரின் உமிழ்திறன் 0.96-க்குக் குறையாது. ஈரம் படியப் படிய அளவீடு உண்மைக்கு அருகில் வந்தது. துடைத்ததும் பிரதிபலிப்பு திரும்பியது.

தீர்வு சுலபம். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டை ஒட்டி, அதைப் பாருங்கள். அதன் உமிழ்திறன் சுமார் 0.95. என் குண்டானில் டேப்பின் மேல் 2 டிகிரி காட்டியது. மனிதத் தோல், ஈரமான மீன், ஐஸ், பெயின்ட் அடித்த பரப்பு எல்லாம் 0.9-க்கு மேல் இருப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

மின்னியல் பிரிவு நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த பொருளில் பளபளப்பு அளவீட்டை ஏற்றிக் காட்டும். சூடான பொருளில் இறக்கிக் காட்டும். பளபளக்கும் செம்பு பஸ்பாரைத் துப்பாக்கியால் பார்த்து "ஆறிப்போச்சு" என்று கை வைத்தால் கை வெந்துவிடும். மின்சாரம் ஓடும்போது டேப் ஒட்டப் போகவும் கூடாது. சப்ளையை நிறுத்தி, முறைப்படி சோதித்த பிறகே கிட்டே போக வேண்டும்.

4. கருவிக்கே வேர்த்தால்

ஏ.சி. வண்டியிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடியில் பனி மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பமானியின் லென்ஸிலும் அதே கதைதான். 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், 27 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். மூடுபனி படிந்த லென்ஸ் வழியாகக் கருவி பெரும்பாலும் அந்தப் பனியின் வெப்பத்தையே படிக்கும். ஐஸும் சூடாகத் தெரியும். பனி படியாவிட்டாலும், கருவியின் ஒரு பகுதி குளிர்ந்தும் இன்னொரு பகுதி சூடாகவும் இருக்கும்வரை கணக்கு தப்பும். அளக்கப் போகும் இடத்தில் நிழலில் 20, 30 நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். சென்சாரின் உலோக மூடியை விரலால் பிடிப்பதும், சூடாகும் ரெகுலேட்டரை அதன் பக்கத்தில் வைப்பதும் இதே தவறுதான். சிப் சொல்லும் அதன் சொந்த வெப்பநிலையையும் திரையில் காட்டுங்கள். அது அறை வெப்பத்தைவிட நன்றாகக் கூடியிருந்தால் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

5. நடுவில் என்ன இருக்கிறது?

கண்ணாடி வழியே நம் கண்ணுக்குத் தெரியும், இந்த சென்சாருக்குத் தெரியாது. அது கண்ணாடியின் வெப்பத்தைத்தான் படிக்கும். மெல்லிய பாலித்தீன் பெரும்பகுதியை உள்ளே விடும், ஆனால் கொஞ்சம் தடுக்கும். ஐஸ் பெட்டியைத் திறந்ததும் எழும் புகை, சமையலறை நீராவி, லென்ஸில் படிந்த உப்புத்தூசி எல்லாம் தடைதான்.

நம் கடற்கரைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வானத்தில் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள கடல் பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. அதற்கு ஆதாரங்களில் ஒன்று, செயற்கைக்கோள் அகச்சிவப்புக் கதிரால் அளந்த கடல் மேற்பரப்பு வெப்பநிலை. பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் அந்தக் கருவியும் தண்ணீரின் மேல்தோலைத்தான் படிக்கிறது. நடுவில் மேகம் வந்தால் மேகத்தின் வெப்பம்தான் தெரியும், அந்த இடத்தின் கணக்கைத் தள்ளிவிட வேண்டியதுதான். அதனால்தான் மேகம் மூடிய நாட்களில் இந்த அறிவிப்பு தடைப்படுகிறது. கடலில் மிதக்கும் மிதவைகள் தொட்டு அளந்த வெப்பநிலையோடு ஒப்பிட்டுத்தான் செயற்கைக்கோள் அளவைச் சரிபார்க்கிறார்கள். அத்தனை பெரிய கருவிக்கே தொட்டுப் பார்க்கும் சாட்சி தேவைப்படுகிறது!

6. கருவிக்குச் சொன்னது சரியா?

எமிஸ்ஸிவிட்டி மதிப்பை யாராவது மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். இந்த சிப்பில் அது நிரந்தர நினைவகத்தில் இருக்கும். ஒருமுறை தப்பாக எழுதினால் சப்ளையை நிறுத்திப் போட்டாலும் தப்பாகவே இருக்கும். 3 வோல்ட் வகைக்கும் 5 வோல்ட் வகைக்கும் வித்தியாசம் உண்டு. சப்ளை மாறினால் அளவீடும் சற்று நகரும். 2020-ல் கொரோனா காலத்தில் வாசலுக்கு வாசல் நெற்றியில் நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி மீனுக்கு ஆகாது. அது நெற்றித் தோலின் அளவை உடல் வெப்பமாக மாற்றிக் காட்டும்படி அமைக்கப்பட்டது.

மீண்டும் ஐஸ் பெட்டிக்கு

அடுத்த வாரம் அதே ஆள் வந்தபோது நானும் கரையில் நின்றேன். சண்டை போடவில்லை. "அண்ணே, ஒரு அரை மணி நேரம் இந்தத் துப்பாக்கி நிழல்ல இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கி வைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். பிறகு அவரையே ஒரு சாண் உயரத்தில், மீன் மேல் நேராகப் பிடிக்கச் சொன்னேன். 2 டிகிரி. அதே துப்பாக்கியை நின்றவாக்கில் நீட்டிப் பெட்டியின் விளிம்பைப் பார்க்கச் சொன்னேன். 11 டிகிரி. பார்வை வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வெயில்பட்ட விளிம்பில் விழுந்தாலே கணக்கு சுமார் 12 வந்துவிடும் என்று மணலில் எழுதிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி தம்பி, இனிமே கிட்ட வச்சே பாக்குறேன்" என்றார். அன்று முழு விலை கிடைத்தது. முந்தின வாரம் போனது போனதுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். ஆனால், கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் அல்லவா? மாதிரிக்கு ஒரு கம்பி வெப்பமானியையும் கொண்டுபோயிருந்தேன். பெட்டியின் அடி மூலையில், வெயில் பட்ட பக்கம், மீனுக்கு நடுவே அதைச் செருகினேன். 7 டிகிரி! மேலே ஐஸ் இருந்தது. கீழே உருகி வடிந்து போயிருந்தது. மீன் கெடாமல் இருக்க உருகும் ஐஸின் 0 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். ஆக, வியாபாரியின் எண்ணும் தப்பு, "மேல ஐஸு கெடக்கு" என்ற எங்கள் வாதமும் பாதிதான் சரி. இரண்டு பேரும் மேல்தோலை மட்டுமே பார்த்திருக்கிறோம். சித்தப்பா இப்போது அடியிலும் ஓரத்திலும் ஐஸ் போட்டு, பெட்டியை நிழலில் வைக்கிறார்.

வரிசையாக நினைவில் வைக்க

1. உருகும் ஐஸில் சோதி.
2. எண் அபத்தமாக இருந்தால் வயரைப் பார்.
3. தூரத்தையும் பார்வை வட்டத்தையும் கணக்கிடு.
4. பளபளப்பா? டேப் ஒட்டு.
5. கருவியை அந்த இடத்துக்குப் பழக விடு, லென்ஸைத் துடை.
6. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்.
7. செட்டிங்கையும் சப்ளையையும் பார்.
8. கடைசியாக, தொட்டு அளக்கும் வெப்பமானியோடு ஒப்பிடு.

இந்த எட்டும் முடிந்த பிறகும் தப்பாகவே காட்டினால், அப்போது புது சென்சார் வாங்கலாம். என் புராஜெக்டில் அதே பழைய சென்சார்தான் இன்னும் இருக்கிறது. பெட்டியிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி ஒரு தாங்கியும், அடியில் செருக ஒரு கம்பி வெப்பமானியும் மட்டும் சேர்த்திருக்கிறேன். தம்பிமார்களும் தங்கைமார்களும் யாராவது இதை அடுத்த வருடம் எடுத்துச் செய்வதாக இருந்தால், என் நோட்டைத் தரத் தயாராக இருக்கிறேன். குண்டானைத் துடைத்த மூன்று நேரமும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது.